நீர்மேல் எழுத்து



நிலையாத பொருளுக்கு ‘நீர்மேல் எழுத்து’ என்று உவமை கூறுவது நம் மரபு. ஆயினும், நீர்மேல் வரைந்த கோலத்தை அழியாமற் காத்து, அதைக்கொண்டே பொய்க் கணக்கையும் கள்ளப் பணத்தையும் தடுக்க மனிதன் முயன்றிருக்கிறான். துருக்கியர் ‘எப்ரு’ என வழங்கும் அக்கைத்தொழிலைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

முதலில் செய்ம்முறையைக் காண்போம். ஒருவகை முட்செடியின் பிசினை நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஆழமற்ற தட்டில் ஊற்றுவர். அந்நீர் கஞ்சிபோல் சற்றே கொழகொழப்பாக இருக்கும். வண்ணப்பொடியை நுண்ணிதாக அரைத்து, நீரும் சில துளி மாட்டுப் பித்தநீரும் சேர்ப்பர். ரோசாக் குச்சியில் குதிரைமயிர் கட்டிய தூரிகையால் அதை நீர்மேல் தெளிப்பர்.

வண்ணம் ஏன் மூழ்குவதில்லை? பிசின் நீருக்குத் தடிப்பைத் தருகிறது. பித்தநீரோ வண்ணத்தின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ஆதலால் துளி மேற்பரப்பிலேயே விரிகிறது. அடுத்து விழும் துளி முந்தையதை ஒதுக்கித் தனக்கு இடம் தேடிக்கொள்ளுமேயன்றி, அதனோடு கலப்பதில்லை. பின்னர் ஊசியாலோ சீப்பாலோ இழுத்தால் அலையும் மலரும் உருவாகும். தாளை மேலே மெல்லப் பரப்பி எடுத்தால் கோலம் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியில் செய்வோர், வண்ணம் பற்றி நிற்கும்பொருட்டு, முன்னதாகப் படிகார நீரில் தோய்த்து உலர்த்துவர்.

ஒரு முறை எடுத்த கோலத்தை மறுமுறை எடுத்தல் இயலாது. செய்தவனே முயன்றாலும் அச்சாக அமையாது. இவ்வியல்பே இத்தொழிலுக்குப் பெரும் பயனைத் தந்தது.

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய இக்கலையைக் கணக்கேடு கட்டுவோர் கைக்கொண்டனர். ஏட்டினை இறுக மூடி, அதன் விளிம்பினை வண்ணநீரில் தோய்ப்பர். பின்னர் எவரேனும் ஓர் இதழைக் கிழித்தெடுத்தால், விளிம்புக் கோலம் அவ்விடத்தில் முறிந்து காட்டிக் கொடுக்கும். தலைமையாசிரியனாகப் பல ஆண்டுகள் பேரேடுகளைச் சரிபார்த்த எனக்கு, இவ்வேற்பாட்டின் அருமை நன்கு விளங்குகிறது. 1775ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட இருபது டாலர் தாளின் ஓரத்திலும் இக்கோலம் இருந்தது. கள்ள நோட்டைத் தடுக்க அத்தாளை வழங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

இயந்திர அச்சு பெருகியபின் கைத்தொழில் நலிந்தது. இஸ்தான்புல் நகரில் நெஜ்மெத்தின் ஒக்யாய் அவர்களும், அவர்தம் மாணவர் முஸ்தபா துஸ்கூன்மன் அவர்களும் அதனைக் கைவிடாது பயின்று பிறர்க்கும் கற்பித்தனர். 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் எப்ருவை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கலை நிலைப்பதற்கு அதனை அறிந்தவர் இருந்தால் மட்டும் போதாது. அவரிடம் அமர்ந்து கற்கும் மாணவரும் வேண்டும். நம் ஊர்களிலும் இறுதிக் கைவினைஞராய் எஞ்சியிருப்பவர் பலர் உளர். அவர்களைத் தேடிச் சென்று, செய்ம்முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். இல்லையேல் அவர்தம் அறிவு உண்மையிலேயே நீர்மேல் எழுத்தாகிவிடும்.