வெட்டுத் துணியில் ஒரு கோதடி

மார்கழி பிறந்துவிட்டால் தாராவியில்கூடத் தரைக் குளிர் முதுகைப் பிடிக்கும். புனே, நாசிக் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பாட்டைக் கேட்கவே வேண்டாம். மராட்டியப் பெண்கள் இதற்குக் கண்ட வழி கோதடி. பழம் புடவைகளை அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்ட போர்வை அது. ஒன்று முடியப் பல வாரமாகும்.

பீஸ் ரேட்டுக்குத் தைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும் நம் பெண்களுக்கு நேரம் ஏது? எங்கள் லைனில் குடியிருக்கும் நெல்லைக்கார அம்மாள் ஒருவர் சுருக்கு வழி காட்டினார்.

தையல் கடையில் மிஞ்சும் பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவைக்க வேண்டும். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு 4½ அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் வெளிர் நிறப் பட்டை இரண்டு, அடர் நிறப் பட்டை இரண்டு வெட்டவும். நிறம் மாற்றி மாற்றி வைத்து, கால் அங்குலம் உள்ளே விட்டு, மிஷினில் நீளவாக்கில் தைக்கவும். இதைக் குறுக்கே 4½ அங்குல அளவில் நான்காக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இணைத்தால் சதுரங்கப் பலகை தயார்! 16 சதுரங்களைத் தனித்தனியே இணைத்தால் 15 தையல், இதில் 6தான். நாலுக்கு ஐந்தாக 20 பலகைகள் சேர்ந்தால் 64க்கு 80 அங்குலப் போர்வை.

உள்ளே பழம் புடவை, அடியில் பழைய வேட்டி. நான்கு விரல் இடைவெளியில் கைத்தையல் ஓட்டினால் போதும்.

அந்த அம்மாளின் போர்வைக்குள் இருப்பது ஊரில் காலமான அவர் தாயாரின் புடவை. பேரன் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறான்.