கார்டு இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடுமா?

"அத்தை, கிராபிக்ஸ் கார்டு இல்லாம கம்ப்யூட்டர் ஓடுமா?"

தீபாவளிக்கு தானா ராத்தா போயிருந்தபோது அண்ணன் மகள் கேட்டாள். மல்டிமீடியா டிப்ளோமாவில் ஒரு பருவம் முடித்திருந்தாள். கையில் ஈப்போ கடையொன்றில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல். அதில் கார்டுக்கு மட்டுமே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வானொலிக்காரி, பொறியாளர் இல்லை. ஆனாலும் ஒலித்தொகுப்புக்காக வீட்டில் நானே கணினி பூட்டியிருக்கிறேன். அதில் ஒருமுறை சூடும் பட்டிருக்கிறேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020-ல் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி பதிவு செய்ய வேண்டிய நிலை. இணையத்தில் பாகங்களை வாங்கிப் பூட்டினேன். மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருட்டு. மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறது, கேபிள் சரியாக இருக்கிறது, பிறகு என்ன? இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் ப்ராசஸர் பெட்டியை ஒழுங்காகப் படித்தேன்: ஐ3-9100எஃப். சில ரிங்கிட் மலிவு என்று வாங்கியது. அந்தக் கடைசி 'எஃப்' எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கிச் சமாளித்தேன்.

'கிராபிக்ஸ் உள்ள மதர்போர்டு' என்று இன்றும் கடையில் கேட்கிறோம். ஒரு காலத்தில் அது சரியான பேச்சுதான். 1999-ல் இண்டெல் (பினாங்கில் 1972-லேயே ஆலை திறந்த அதே இண்டெல்தான்) மலிவுக் கணினிகளுக்காக 810 சிப்செட்டைக் கொண்டுவந்தது. திரையில் படம் வரையும் வேலை பலகையில் பதித்த சில்லுக்குள்ளேயே நடந்தது. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசையில் அந்த வேலை ப்ராசஸர் சில்லுக்குள் குடியேறிவிட்டது. ஏ.எம்.டி.யும் அதே ஆண்டு அந்த வழிக்கு வந்தது. இப்போது பலகையில் இருப்பது பெரும்பாலும் படம் வெளியே வரும் வாசல் மட்டுமே. வீட்டுக்குள் ஆள் இல்லாவிட்டால் வாசல் இருந்து என்ன பயன்?

ஆகவே பலகையை எடைபோடும்போது ப்ராசஸரின் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும். இண்டெலில் 'எஃப்' இருந்தால் கார்டு கட்டாயம். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 பலகைகளுக்கு 5600ஜி போல 'ஜி' எழுத்து வேண்டும். பெயரில் நெருங்கிய உறவுபோல் தெரியும் ரைசன் 5 5500-இல் கிராபிக்ஸ் கிடையாது. இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது ரேம். தனிக் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் நம் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒரு துண்டாக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி தரவு போகும். இரண்டு துண்டாகப் பிரித்துப் போட்டால் 51.2 ஜிபி. அதனால் ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் மேல். மகளின் பட்டியலில் ஒரே துண்டுதான் இருந்தது. கார்டு போட்ட கணினிக்கு அது பெரிய குறையில்லை, கார்டை எடுத்துவிட்டால் குறைதான்.

மறுவாரம் மூவரும் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ இறங்கினோம். அவளுடைய சொந்த வேலைகளைப் பெண்டிரைவில் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. 5600ஜி போட்ட கணினியொன்றைக் கார்டு இல்லாமல் ஓட்டிக் காட்டினார். பல அடுக்குகள் கொண்ட போஸ்டர் தடங்கலின்றித் திறந்தது. இரண்டு நிமிட வீடியோவை வெட்டி ஒட்டியதிலும் சிரமமில்லை. ரேமில் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு ஒரு விளையாட்டை ஓட்டச் சொன்னேன். திக்கித் திக்கி நகர்ந்தது. துண்டைத் திரும்பப் போட்டதும் அவளுக்கே வித்தியாசம் தெரிந்தது.

கடைசியாக பிளெண்டர். முப்பரிமாணக் காட்சியைத் திருப்பிப் பார்ப்பதில் சிக்கலில்லை. படமாக்கும் பொத்தானை அழுத்தியதும் முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழுந்தது. கடைக்காரர் எங்களுக்கு கோப்பி வாங்கி வந்தார். குடித்து முடித்த பிறகும் பாதிப் படம்தான் வந்திருந்தது. அவள் முகம் வாடியது. நானும் பூசி மெழுகவில்லை. முப்பரிமாண அசைவூட்டமே தொழில் என்றானால் கார்டு வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

"அந்தப் பாடம் எப்போ வருது?" என்றார் அண்ணன். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி.

"நாலாவது பருவத்துல, அப்பா."

அதுவரை இன்னும் ஓராண்டு இருந்தது. கார்டை அடித்துவிட்டு, நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள பலகையையும், பின்னாளில் கார்டைத் தாங்கக்கூடிய பவர் சப்ளையையும் எழுதச் சொன்னோம். எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறதா என்று நானே பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டபாடு அப்படி.

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் சில்லுக்கு நல்லது, ஈரம் ஆகாது. ஓதம் ஏறும் வெளிச்சுவரிலிருந்து தள்ளி மேசையைப் போட்டார் அண்ணன். இடி இடித்தால் அண்ணி முதலில் ஓடுவது அந்தப் பிளக்கைப் பிடுங்கத்தான்.

போன வாரம் மகள் அழைத்தாள். நாலாவது பருவம் தொடங்கிவிட்டதாம். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் கார்டு விலையில் பாதியைத் தொட்டிருக்கிறதாம். மீதியைத் தீபாவளிக்குத் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறாராம்.