பூட்டிய வீடும் போலி வாடகைதாரரும்

பலமனேரில் சொந்த வீடு, பிள்ளைகளோ பெங்களூரில். எங்கள் வாடிக்கையாளர்கள் பலருடைய நிலை இதுவே. குடியிருந்தவர் காலி செய்தபின், அடுத்தவர் வரும்வரை வீடு இரண்டு மூன்று மாதங்கள் பூட்டியே கிடக்கிறது. திருடனும் மோசடிக்காரனும் காத்திருப்பது இந்த இடைவெளிக்காகத்தான்.

மோசடியை முதலில் பார்ப்போம். அதற்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவைகூட இல்லை. வீட்டின் படங்களையும் கைப்பேசி எண்ணையும் இணையத்தில் வெளியிட்ட சில மணி நேரத்தில் ஓர் அழைப்பு வருகிறது. பேசுபவர் இராணுவத்திலோ மத்தியப் பாதுகாப்புப் படையிலோ பணிபுரிவதாகவும், மாற்றலாகி வருவதாகவும் கூறுகிறார். அடையாள அட்டையின் படமும் உடனே வந்துவிடுகிறது. வாடகையில் பேரம் இல்லை. வீட்டை நேரில் பார்க்கவும் விருப்பமில்லை. சோதனைக்காகப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்கிறார்; இருபதாகத் திரும்பி வருகிறது. பிறகு முன்பணம் என்று ஒரு க்யூ.ஆர். குறியீடு வருகிறது. அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டவுடன், வரவேண்டிய தொகை உங்கள் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்கப்படுகிறதென்றால் நீங்கள் பணம் செலுத்துகிறீர்கள் என்றே பொருள். படித்தவர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும்கூட இதில் ஏமாறுகிறார்கள். சீருடையின்மீது நமக்குள்ள மரியாதையே அவர்களது மூலதனம்.

ஏமாந்தால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன்பே அதை முடக்க முடியும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சேரும். தெரிவித்தபின் நேருவது வங்கியைச் சேரும். எனவே ஒரு மணி நேரத் தாமதத்திற்கும் விலை உண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துத் தம் எண்ணுடன் வேறொரு விளம்பரம் வெளியிட்டு, வீடு தேடுவோரிடம் டோக்கன் தொகை வாங்கிக்கொண்டு மறைபவர்களும் இருக்கிறார்கள். படங்களின்மீது உங்கள் பெயரைப் பதித்து வெளியிடுங்கள். கதவு எண்ணும் சாவி இருக்குமிடமும் விளம்பரத்தில் வேண்டாம். பெங்களூரிலும் சென்னையிலும் நடந்துவரும் இன்னொரு வகை இதைவிடக் கொடியது: இடைத்தரகர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, மூன்றாமவருக்குச் சில லட்சங்களுக்குக் குத்தகைக்கு விட்டுத் தலைமறைவாகிவிடுவார். குடியிருப்பவருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வதே வழி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம்.

இனி பூட்டைப் பற்றி. காலி வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். பித்தளைக் குழாய்கள், தண்ணீர் மோட்டார், சுவருக்குள் ஓடும் செப்புக் கம்பி ஆகியவை இருக்கின்றனவே! குடியிருந்தவர் சென்ற அன்றே பூட்டை மாற்றுங்கள். வெளியே தொங்கும் பெரிய பூட்டைவிடக் கதவுக்குள் பதிந்த பூட்டு நல்லது, ஆள் இல்லை என்பதை அது பறைசாற்றாது. கேட்டில் செருகிய மின்கட்டண ரசீதும் வாசலில் குவிந்த சருகும் தெருவுக்கே செய்தி சொல்பவை. வாரம் ஒருமுறை வாசல் பெருக்க, நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆந்திரக் காவல்துறையிடம் எல்.எச்.எம்.எஸ். என்னும் பூட்டிய வீட்டுக் கண்காணிப்பு ஏற்பாடு உண்டு. பதிவு செய்தவரின் வீட்டில் கேமரா பொருத்தப்படும். உள்ளே அசைவு தெரிந்தால் காவல்துறைக்கு எச்சரிக்கை செல்லும். ஆயினும் இது சில நாட்கள் வெளியூர் செல்வோருக்காக ஏற்பட்டது. மாதக்கணக்கில் காலியாக உள்ள வீட்டுக்குப் பொருந்துமா என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டறியுங்கள்.

காப்பீடு இருக்கிறதென்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: வீட்டுக் கடனுடன் எடுத்த பாலிசி பெரும்பாலும் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது, பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டியிருக்கும். வீடு தொடர்ந்து காலியாக இருக்கும் நாட்களுக்கு வரம்பிடும் நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. உங்கள் பாலிசியைக் கிளைக்கு எடுத்து வந்தால், அந்தப் பக்கத்தை உடனிருந்து படித்துக் காட்டுவோம்.