ராயக்கோட்டை படம் ஒரிஜினலா?

பாலக்கோட்டில் ரயில் ஏறி மாரண்டஅள்ளி தாண்டினால் ராயக்கோட்டை. அந்தக் கோட்டையை 1857-58 வாக்கிலேயே ஒருத்தர் கேமராவில் பிடித்திருக்கிறார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர். மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஆல்பங்களோடு, அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த ராயக்கோட்டைக்கும் 1858-ல் தனி ஆல்பம் வந்தது.

போன வருஷம் பழைய பொருள் வியாபாரி ஒருவர் அதிலிருந்து ஒரு படத்தை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி வாட்ஸப்பில் அனுப்பினார். விலை கிட்டத்தட்ட என் ஒரு மாசச் சம்பளம். நம்ம பக்கத்துக் கோட்டை ஆச்சே, மனசு கேட்கவில்லை.

முதலில் வானத்தைப் பார்த்தேன். அந்தக் கால நெகடிவ் நீல நிறத்துக்கு அதிகமாக வினைபுரியும், அதனால் பிரிண்டில் வானம் வெள்ளையாக வெளுத்துவிடும். ட்ரைப் பல நெகடிவ்களில் தூரிகையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். மியூசியம் ஸ்கேனோடு ஒப்பிட்டால் மேகம் அச்சு அசல் அதே. பணம் அனுப்பவே போயிட்டேன்! அப்புறம்தான் உறைத்தது: மேகம் நெகடிவ்வில் இருக்கிறது. அந்தப் படத்தை எதில் நகலெடுத்தாலும் மேகமும் கூடவே வரும். பிரிண்டின் வயசைச் சொல்ல வேண்டியது காகிதம்தான்.

1930-களில் போட்டதாக நம்பி வாங்கப்பட்ட லூயிஸ் ஹைன் பிரிண்டுகள் இப்படித்தான் 1999-ல் மாட்டின. ஹைன் இறந்தது 1940-ல். அந்தக் காகிதங்களிலோ, 1950-களில்தான் போட்டோ காகிதத்தில் சேர்க்க ஆரம்பித்த வெளுப்பு ரசாயனம் இருந்தது. புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கிற லைட்டே போதும். ஒளிர்ந்தால் பழசு இல்லை என்று அடித்துச் சொல்லலாம். ஒளிராவிட்டால் பழசு என்று சொல்லிவிட முடியாது, இந்த ரசாயனம் இல்லாத காகிதம் இன்றைக்கும் கிடைக்கிறது.

அதனால் லைட்டோடு, வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் ஒரு லென்ஸும் இரவல் வாங்கிக்கொண்டு நேரில் போனேன். கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஃபிரேமைக் கழற்றச் சொல்லுங்கள். ட்ரைப் காலத்து உப்புக் காகிதப் பிரிண்டில் படம் காகித நாரோடு ஊறிக் கிடக்கும், கருமையும் வெளுப்பும் விட்டுப்போகாமல் ஒன்றில் ஒன்று கரையும். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதமென்றால் மேலே லேசான பளபளப்பு, பெரிதாக்கினால் மெல்லிய விரிசல்கள்.

இதில் காகிதம் ஒளிரவில்லை, ஓரமெல்லாம் பழுப்பு. எனக்கே சந்தோஷமாக இருந்தது. லென்ஸை வைத்தேன். வரிசை வரிசையாகப் புள்ளிகள், நியூஸ்பேப்பர் படம் மாதிரி. ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டிய பக்கம்.

அந்த மனுஷனுக்கும் இது தெரியாது போலிருக்கிறது. கோபப்படவில்லை. லென்ஸைக் கேட்டு வாங்கி, கடையில் இருந்த மற்ற ஃபிரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.