இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத பெயர்கள்

ஒருவருடைய பெயரைக் கேட்பது எளிய காரியம் என்றே நாம் எண்ணி வருகிறோம். இன்று அக்கேள்வியை மனிதரைவிடக் கணினியே மிகுதியாகக் கேட்கிறது. பாஸ்போர்ட், விசா, வங்கிக் கணக்கு, விமானப் பயணச் சீட்டு ஆகிய எதற்கு விண்ணப்பித்தாலும் திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றுகின்றன. ஒன்று இயற்பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. இரண்டையும் நிரப்பாவிடில் பல படிவங்கள் அடுத்த பக்கத்திற்கு நகர மறுக்கின்றன. மனிதர் எல்லோருக்கும் தலைமுறைதோறும் மாறாது வரும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்னும் அனுமானமே அக்கட்டங்களின் அடிப்படை. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். தமிழ் மரபுக்கும் தொன்மையான அரபு மரபுக்கும் பொருந்தாது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதிப்பதில்லை என அறிவித்தது. ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இதனைச் சுற்றறிக்கையாக வெளியிட்டன. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னரே வந்தது. வளைகுடாவை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் சமூகத்துக்கு இதன் பொருள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயரின் அமைப்பை நோக்குவோம். ராஜபாளையத்தில் இஸ்மாயில் என்பவரின் மகன் யூசுஃப் எனக் கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் 'இ. யூசுஃப்'. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் இட இயலாது. விரித்து எழுத வேண்டும். 'இஸ்மாயில்' குடும்பப் பெயருக்கான கட்டத்துக்குள் செல்கிறது. விமான நிலையத்தில் அழைக்கப்படுவது தந்தையின் பெயர்! யூசுஃபின் மகனுக்கு 'யூசுஃப்' குடும்பப் பெயராகிறது. பாட்டனார், தந்தை, மகன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். பொதுவான குடும்பப் பெயரைக் கொண்டு உறவை உறுதி செய்யும் கணினிக்கு இம்மூவரும் அந்நியர்களே.

இவ்வழக்கத்துக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. தமிழர் தம் பெயரிலிருந்து அதனை நீக்கி, தந்தையின் முதலெழுத்தோடு அமைந்தனர். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம், நீக்கியதை மீண்டும் எழுதுமாறு அவர்களை நெருக்குகிறது.

அரபு மரபோ இன்னும் விரிவானது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் பெயர் அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு இஸ்மாயீல் அல்புகாரீ. இதில் 'அபூ அப்துல்லாஹ்' என்பது குன்யா. 'முஹம்மத்' என்பது இஸ்ம், அதாவது இயற்பெயர். 'இப்னு இஸ்மாயீல்' என்பது நஸப், அதாவது தந்தை வழி. 'அல்புகாரீ' என்பது நிஸ்பா, அதாவது ஊர்த் தொடர்பு. இவற்றோடு லகப் எனும் சிறப்புப் பெயரும் பலருக்கு உண்டு. இவற்றுள் எது முதற்பெயர், எது கடைசிப் பெயர்? கேள்வியே பொருந்தவில்லை என்பதுதான் விடை.

படிவங்கள் செய்யும் பிழைகளுள் பொருளளவில் மிகக் கடுமையானது 'அப்து' என்று தொடங்கும் பெயர்களைப் பிளப்பதாகும். அப்துர் ரஹ்மான் என்பது அளவற்ற அருளாளனின் அடியான் எனப் பொருள்படும் ஒரே பெயர். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்களுள் இதுவும் ஒன்று என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. கணினி இதனை 'அப்துல்' என்றும் 'ரஹ்மான்' என்றும் வெட்டுகிறது. முன்னது பொருள் முற்றுப்பெறாத துண்டு. பின்னது இறைவனின் திருநாமம். அத்திருநாமத்தால் அடியானை விளிக்கும் கடிதங்கள் நம் இல்லங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்குமாறு திருக்குர்ஆன் (33:5) பணிக்கிறது. எனவே நிக்காஹ் ஒரு பெண்ணின் நஸபை மாற்றுவதில்லை. மணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியே இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் அமைந்த படிவங்கள், மாறாத பெயருக்கு விளக்கம் கேட்கின்றன.

இவ்வளவும் இயந்திரத்தின் இயலாமையா? இல்லை. பாஸ்போர்ட்டுகளை இயந்திரம் படிப்பதற்கான விதிகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ளது. அவ்விதிப்படி பெயருக்கு 39 இடங்கள் உண்டு. முதன்மை அடையாளம் ஒன்று இருந்தால் போதும்; இரண்டாவது இல்லாமலும் இருக்கலாம். ஒற்றைப் பெயரை ஏற்க விதியே வழிவிட்டிருக்கிறது. ஆயினும் அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயருடையவரின் இயற்பெயர்க் கட்டத்தில், 'முதற்பெயர் அறியப்படவில்லை' எனப் பொருள்படும் 'எஃப்.என்.யு.' எனும் எழுத்துகள் அச்சாகின்றன. சுகர்ணோ, சுஹார்தோ என ஒற்றைப் பெயருடைய இரு அதிபர்களைக் கண்ட இந்தோனேசியாவோ, புதிதாகப் பதிவாகும் பெயர்களில் குறைந்தது இரண்டு சொற்கள் இருக்க வேண்டுமென 2022இல் விதித்தது. மரபுக்கேற்பப் படிவம் அமைவதற்கு மாறாக, படிவத்துக்கேற்ப மரபு வளைகிறது.

ஊர்ப்பெயரைத் தாங்கும் வழக்கம் அரபியருக்கு மட்டும் உரியதன்று. இசைக்கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயரின் பெயரில் முன்நிற்பது ஊர்; அல்புகாரீ என்பதற்கு நிகரான நிஸ்பா. அந்த மகாராஜபுரம் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தது. சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குச் செல்லும் வழியிலுள்ள மகாராஜபுரம் வேறு. ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு தேடும் மென்பொருளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. முகவரியின் சிக்கல் இங்குத் தொடங்குகிறது.

சதுரகிரி அடிவாரத்து மகாராஜபுரத்தில் வீடு மாறாமல் வாழ்ந்த முதியவர் ஒருவரின் ஆவணங்களில் மூன்று மாவட்டங்கள் இருக்கக்கூடும். முதலில் ராமநாதபுரம், 1985இல் அதிலிருந்து பிரிந்தபின் காமராஜர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர். ஆவணங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி, அவரை இருமுறை இடம் பெயர்ந்தவராகவே கருதும். 1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண் ஊர்க்குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது. ஆனால் அத்தகைய எண் எல்லா நாட்டிலும் உண்டு என்று கொள்வதும் ஓர் அனுமானமே. அஞ்சல் பெட்டி எண்ணுக்கே கடிதம் செல்லும் அமீரகத்தில் அவ்வாறான குறியீடு இல்லை. அங்கு வாழ்வோர் படிவத்தின் பிடிவாதத்தைத் தணிக்கச் சுழியங்களை இட்டு நிரப்புகின்றனர். பொய்யான விடையைக் கட்டாயமாக்கும் கேள்வியால் யாருக்குப் பயன்?

நம் இளைஞர் பலர் இன்று மென்பொருள் துறையில் பணியாற்றுகின்றனர். அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது பெரிதன்று. முழுப்பெயருக்கு ஒரே கட்டம், எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதற்கு மற்றொன்று. சட்டம் கேட்கும் இடத்தில் மட்டும் பெயரைப் பிரித்துக் கேட்கலாம். அங்கும் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாயிருக்க இடமளித்தல் வேண்டும். ஓரெழுத்துப் பெயர்ப் பகுதியையும் புள்ளியையும் பிழையென ஒதுக்கலாகாது. முகவரியில் பழைய மாவட்டப் பெயரைப் புதியதற்கு ஈடாக அறியும் பட்டியல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரமாகும் எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பலவாறு எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. சான்றிதழில் எழுதிய வடிவத்தையே பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை காத்தல் வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக விடாமல் விரித்தெழுதுதல் நலம். 'அப்து' எனத் தொடங்கும் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதினால் கணினி அதனைப் பிளக்க இயலாது. மென்பொருள்கள் திருந்தும் வரை காத்திராமல், பிறப்பைப் பதியும் அன்றே இவற்றை நாம் செய்துகொள்ளலாம்.