கணக்கில் வராத இருபது வருடம்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய யாரும் இனி வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று 1993-ல் இந்திய பார் கவுன்சில் ஒரு விதி போட்டது. வேறு வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பழைய செல்வாக்கோடு கோர்ட்டுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுப் படிக்க வருகிற பெண்ணை அந்த விதி நினைத்தே பார்க்கவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்கறிஞர்கள் சட்டம் குறைந்தபட்ச வயதாக 21-ஐச் சொல்கிறது. மேல் வரம்பு எதையும் சொல்லவில்லை. மூன்று வருட எல்.எல்.பி.யில் சேர 30 வயதுதான் உச்சம் என்று பிறகு வந்த கட்டுப்பாட்டையும் 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

ஆக, வாசல் திறந்திருக்கிறது. ஆவடி, அம்பத்தூர் பெண்களுக்கு அங்கே போய்வருவது கொஞ்சம் சுலபமாகவும் ஆகியிருக்கிறது. 1891-ல் தொடங்கி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கிய சென்னை சட்டக் கல்லூரியை 2018-ல் இரண்டாகப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அதில் ஒரு பாதி திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூரில் இருக்கிறது. காலையில் சென்ட்ரல் பக்கம் போகிற ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. திருவள்ளூர் பக்கம் போகிற ரயிலில் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் புரட்டிவிடலாம். தபாலில் படித்து எல்.எல்.பி. வாங்க முடியாது, தினமும் போயாக வேண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

கல்யாணமாகிக் குடும்பம் நடத்திய பிறகு சட்டத்துக்கு வந்தவர்களில் நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் பிரபா ஸ்ரீதேவன். 1983-ல், முப்பதுகளின் நடுவில், வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 2000-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2009-ல் சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்று அவரிடம் வந்தது. சிறுமி தீபிகாவின் வழக்கு. இறந்துபோன தாய் வெளியே வேலைக்குப் போகாதவர். அவருடைய உழைப்புக்கு என்ன மதிப்பு? அந்தப் பெண் செய்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும், வெளியே வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார், குடும்ப வருமானத்தில் அவர் எவ்வளவுக்குப் பங்காளி என்றெல்லாம் அலசி, வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அடுப்படி வேலையின் கனம் தெரிந்த கை எழுதிய தீர்ப்பு என்றே அதை நான் படிக்கிறேன்.

2023 ஜூனில் அதே உயர் நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி போனார். கணவர் சவூதியில் சம்பாதித்தார். மனைவி இங்கே வீட்டை நடத்தினார். திட்டமிடுவது, சமைப்பது, வைத்தியம் பார்ப்பது, வரவு செலவைக் கவனிப்பது என்று அந்தப் பெண் செய்ததை அடுக்கிச் சொல்லி, அந்த உழைப்பும் சொத்தில் போட்ட பங்குதான் என்றார்.

வீடு நடத்திய அனுபவம் கீழ்க் கோர்ட்டிலும் உதவும். பூந்தமல்லி கோர்ட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1998-ல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தீர்ப்புச் சொன்ன தனி நீதிமன்றம்தான் ஞாபகம் வரும். ஆனால் புறநகர்க் கோர்ட்டுகளின் தினசரிப் பிழைப்பு வேறு: ஜீவனாம்சம், பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு, தொழிற்பேட்டைப் பட்டறைகளின் செக் பவுன்ஸ். நகை போட்டதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு பெண் வந்து அழுதால், சட்டக் கல்லூரியில் இருந்து நேராக வந்த பையன் பில் எங்கே என்பான். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு வேறு இடங்கள் தெரியும்: அடகுக் கடை ரசீது, சீட்டுப் புத்தகம், கல்யாண ஆல்பம், மொய் நோட்டு. இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சாட்சியச் சட்டம்.

இன்னொரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் பழைய மூன்று குற்றவியல் சட்டங்கள் போய்ப் புதியவை வந்தன. ஜீவனாம்சம் என்றாலே பிரிவு 125 என்று நாக்கில் ஊறியிருந்த சீனியர்கள் இப்போது 144 என்று எழுதப் பழகுகிறார்கள். கொலைக்கான 302 என்பது 103 ஆகிவிட்டது. நாற்பது வருட அனுபவஸ்தரும் புதிதாக வந்தவளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திறந்தது இதற்கு முன் எத்தனை முறை நடந்திருக்கிறது!

பணம்தான் கஷ்டம். பதிவுக் கட்டணம் பிரச்சினை இல்லை. பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்து, சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்தான், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 தான் என்றது. அதற்குப் பிறகு வரும் ஜூனியர் வருடங்களைத்தான் சொல்கிறேன். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வழி செய்யுங்கள் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஒரே பஸ் ரூட்டில் இரண்டு கணக்கு. எந்தக் கணக்கும் கைக்கு வராமல், பஸ் காசோடு வீடு திரும்பும் ஜூனியர்கள் இருக்கிறார்கள். தன்னைவிடப் பத்து வயது சிறிய சீனியரை “சார்” என்று கூப்பிட்டு, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்க நிற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. சக ஜூனியர்கள் நாலு நாளில் “அக்கா” என்று ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் கணவருக்கு ஓய்வு நெருங்க, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருடத்தில் சம்பளம் இல்லாமல் உழைப்பது என்பது, முன்பு வீட்டில் செய்ததையே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதுதான். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அதைவிடக் கோபம் தருவது ஒன்று உண்டு. பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களை, பார் கவுன்சிலின் 2008-ம் வருட விதிகள் சட்டப் படிப்பில் சேர்ப்பதில்லை. பத்தாவது, பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபாலில் பட்டம் வாங்கியவர்களுக்குத் தடை இல்லை. பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு படித்துப் பட்டம் வாங்கினவளுக்குத்தான் தடை. அவள் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதி, இன்னொரு பட்டமும் வாங்கி, அதற்குப் பிறகு மூன்று வருடம் சட்டம் படிக்க வேண்டும். ஏழெட்டு வருடம் ஆகும். நாற்பத்திரண்டில் தொடங்கினால் ஐம்பதில் பதிவு. 1995-ம் வருடத் தீர்ப்பின்படி அந்த வயதில் அவளைப் பதிவு செய்ய எந்தத் தடையும் கிடையாது.