பழைய மோட்டார்ச் சைக்கிளின் உறுப்புக்களும் அவற்றின் காலமும்

பழம்பெருங் கோயிலொன்றைக் காணும் அறிஞன், கருவறை ஒரு காலத்தது, மண்டபம் பிறிதொரு காலத்தது, கோபுரம் அதற்கும் பிற்பட்டது என்று கல்லின் வேலைப்பாட்டைக் கொண்டே கண்டுகொள்வான். பழைய மோட்டார்ச் சைக்கிளைப் புதுக்க முற்படுவோனுக்கும் அத்தகைய கண் வேண்டும். பல்லாண்டு ஓடிய வண்டியில் உடன்பிறந்த உறுப்புக்கள் யாவும் எஞ்சியிருத்தல் அரிது. எவ்வுறுப்பு வண்டியோடு பிறந்தது, எது பின்வந்து சேர்ந்தது என்பதை அறிவது எங்ஙனம்? அறிந்தபின் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

இங்கிலாந்தின் ட்றயம்ப் கம்பனியார் செய்த 'ஸ்பீட் ட்வின்' என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். எட்வேட் டேணர் என்பார் வகுத்த இவ்வண்டி 1937இல் வெளிவந்தது. அதன் பொறி இரட்டை உருளையுடையது. கொள்ளளவு 498 கன சதமமீற்றர். முதல் மாதிரியில் உருளைத் தொகுதியை அடிப்பெட்டியோடு பிணித்த ஆணிகள் ஆறு. 1939ஆம் ஆண்டு மாதிரியில் அவை எட்டாயின. 1940 நவம்பரிற் கொவென்றி நகர்மீது வீழ்ந்த குண்டுகளால் தொழிற்சாலை அழிந்தது. 1942இல் மெரிடன் என்னும் அயலூரிற் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. போர் முடிந்தபின், 1946இல், பழைய கேர்டர்க் கவை நீங்க, ஒன்றனுள் ஒன்று நுழைந்தியங்கும் குழாய்களாலான டெலெஸ்கோப்பிக் கவை முன்சில்லைத் தாங்கியது. 1949ஆம் ஆண்டு மாதிரியிற் பெற்றோல் தாங்கியின் மேலிருந்த அம்பியர்மானியும் விளக்கின் ஆளியும் முன்விளக்கோடு ஒரே கவசத்துள் அடங்கின. 1953இல் மக்னீற்றோ ஒழிந்து சுருளினால் தீப்பொறி எழுப்பும் முறை வந்தது. 1955இற் பின்சில்லு ஊசற்கவையிற் பொருத்தப்பெற்றது. 1959ஆம் ஆண்டு மாதிரியிற் பொறியும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டினுள் ஒன்றாயின.

இவ்வரிசையை மனத்திற் கொண்டவன், 1947ஆம் ஆண்டினது என்று விற்கப்படும் வண்டியில் விளக்குக் கவசத்தைக் கண்டதும், அதன் முன்பாகம் பின்வந்தது என்று ஐயமின்றிக் கூறிவிடுவான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. தொழிற்சாலையின் ஆண்டு தை மாதத்திற் பிறப்பதன்று. இலையுதிர் காலத்திலேயே மறு ஆண்டு மாதிரியைச் செய்யத் தொடங்குதல் அந்நாட்டு வழக்கம். எனவே 1948 நவம்பரிற் செய்து முடிந்த வண்டி 1949ஆம் ஆண்டு மாதிரியாதல் கூடும்; அது விலைப்படாது கடையிற் கிடந்து 1950இற் பதிவாகியிருத்தலுங் கூடும். ஆண்டுகள் மூன்றாயினும் மூன்றும் மெய்யே. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

சில உறுப்புக்கள் தம் வயதைத் தாமே உரைப்பன. லூக்காஸ் கம்பனியாரின் மின்னுறுப்புக்கள் பலவற்றில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். '3 55' எனக் காணின் 1955 மார்ச்சு மாதம் என அறிக. அவ்வுறுப்பு வண்டி பிறப்பதற்குச் சில மாதங்கள் முந்தியதாயின் பொருத்தமுடைத்து. பிந்தியதாயின் பின்வந்ததென்பது திண்ணம். வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் புடைத்து நிற்கும் எண்ணையோ நம்பி மோசம் போதல் கூடாது. அது பெரும்பாலும் வார்ப்பச்சின் எண்ணேயன்றி உறுப்பின் எண் அன்று. ஒரே வார்ப்பைப் பல்வேறு விதமாகக் கடைந்து வெவ்வேறு மாதிரிகளுக்கு வழங்கியதுண்டு.

இனித் திருகாணியின் புரியை நோக்குவோம். இங்கு ஏற்படும் தவறு அழகை மட்டுமன்றி உயிரையும் பாதிக்கும். பழைய ஆங்கில வண்டிகளிற் பெரிதும் வழங்கிய சைக்கிட் புரி, அங்குலத்துக்கு 26 சுற்றுக் கொண்டது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவோடு பொதுவான யூனிபைட் புரி படிப்படியாக வந்தது. அதன் நுண்புரி வகையிற் கால் அங்குல ஆணிக்கு 28 சுற்று. 5/16 அங்குல ஆணிக்கு 24 சுற்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஓரிரு சுற்று இசைந்தும் செல்லும். பின்னர் வலிந்து முறுக்கினால் உட்புரி சிதையும். சில்லையோ தடுப்பையோ பிணிக்கும் ஆணி அவ்வாறு நிற்பின் வரும் விபத்தைச் சொல்லவும் வேண்டுமோ? புரியளவியை வைத்துப் பார்த்தன்றி எவ்வாணியையும் முறுக்கற்க.

இறுதியாக எண்களைப் பற்றிச் சொல்லுவோம். சட்டகத்தின் எண்ணும் பொறியின் எண்ணும் ஒன்றாயிருந்தாலே வண்டி மெய்யானது என்று கருதுவோர் பலர். 1950களின் நடுவிற் செய்த ட்றயம்ப் வண்டிக்கு அது பொருந்தும். பி. எஸ். ஏ. வண்டிகளுக்கோ 1960களின் நடுப்பகுதி வரை அவ்விரண்டு எண்களும் வேறுபட்டிருத்தலே இயல்பு. இதனை அறியாதார், வேறுபட்ட எண்ணைக் குறையென நினைந்து அராவி, ஒன்றுபோல அடித்துவிடுவர். அதனால், தொழிற்சாலைப் பேரேடு மெய்யெனச் சான்று பகர்ந்திருக்கக்கூடிய வண்டி பொய்யாகிவிடுகின்றது. 1946இல் இங்கிலாந்தில் அமைந்த விண்டேஜ் மோட்டார்ச் சைக்கிள் கழகத்தார் பல கம்பனிகளின் பழைய பேரேடுகளைப் பேணிவருகின்றனர். அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்குமுன் அரத்தை எடுப்பது அறிவுடைமையாகாது.

ஆதலின் புதுக்குவோன் மேற்கொள்ள வேண்டிய முறை இது: கழற்றுமுன் படம் எடுத்தல், துடைக்குமுன் எண்களைக் குறித்தல், அவ்வாண்டு உறுப்புப் பட்டியலோடு ஒப்பிடுதல், பொருந்தாததென்று தோன்றுவதையும் எறியாது பெயர் எழுதி வைத்தல். இன்று பிழையெனத் தோன்றிய உறுப்பு நாளை வேறொரு சான்று கிடைத்தபோது சரியெனத் துலங்கியதுண்டு.

தேய்ந்த உறுப்பை மாற்றுதல் குற்றமன்று. வண்டி ஓடுதற்கென்றே பிறந்தது. ஓடிய வண்டியில் மாற்றம் இல்லாதிருத்தல் இயலாது. மாற்றியதை மறைத்தலே குற்றம். இன்ன உறுப்பு இன்ன ஆண்டில் மாற்றப்பெற்றது என ஓர் ஏட்டில் எழுதி வண்டியோடு வைப்பானாயின், அவனுக்குப் பின்வருவோன் மயங்கான். பழையதைப் புதிதாக்குதல் கைத்திறன்; அதன் வரலாற்றைக் கெடாது காத்தல் நேர்மை. இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே புதுக்குதல் முழுமை பெறுகின்றது.